புதுமனை புகுந்தபின் முதல் மாதம்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்’ என்று நம் முன்னோர் கூறி வந்தனர். அவ்விரண்டோடு, ‘குடி புகுந்து பார்’ என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது நமது அனுபவம். கட்டும் தொல்லையில் இன்று அரசாங்கமும் பங்கேற்கிறது. 1985ஆம் ஆண்டில் தோன்றிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டமும், 2011இல் நமது மாநிலம் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டமும், 2016இல் வந்த பிரதம மந்திரி வீடு வழங்கும் திட்டமும், 2024-25இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டமும் கிராமங்களில் குடிசைகள் இருந்த இடங்களில் கான்கிரீட் வீடுகளை எழுப்பியுள்ளன. கடைசியாகக் கூறிய திட்டத்தில் வீடொன்றின் பரப்பு 360 சதுர அடி. அதற்கென வகுத்த தொகை 3.50 லட்சம் ரூபாய். அடித்தளம், சுவர், கூரை, முடிவு என நிலை நிலையாக அளவெடுத்து, நிலை நிலையாகப் பணம் வழங்கப்படுகிறது. கடைசி அளவு எடுத்ததும் கோப்பு முடிகிறது. ஆனால், குடும்பத்தின் வாழ்வு அவ்வீட்டில் அன்றுதான் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நமது ஒன்றியத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவமே இக்கட்டுரைக்குக் காரணம். ஊருக்கு வெளியே புதிதாக அமைந்த தெருவொன்றில் ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்தினர் பால் காய்ச்சிக் குடிபுகுந்தனர். பன்னிரண்டாம் நாள் காலை, இரவு பெய்த மழையின் ஈரம் காயாத முற்றத்தில், அவ்வீட்டு மருமகள் துணி உலர்த்தச் சென்றார். கொடிக்காகக் கட்டியிருந்தது இரும்புக் கம்பி. அதன் ஒரு முனை வேப்பமரத்தில். மறுமுனை, கம்பத்திலிருந்து வரும் மின்கம்பியைத் தாங்கி நிற்கும் சர்வீஸ் குழாயில். காற்றில் உராய்ந்து தோல் தேய்ந்த மின்கம்பி அக்குழாயைத் தொட்டுக்கொண்டிருந்ததை எவரும் கவனிக்கவில்லை. ஈரத்துணியைக் கொடியில் போட்ட மாத்திரத்தில் அவர் மின்சாரத்தின் பிடியில் அகப்பட்டார். அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் உலர்ந்த மூங்கிற் கழியால் கொடியை அடித்து அறுத்தார். அதனால் அவர் உயிர் பிழைத்தது; உள்ளங்கையில் தழும்பு மட்டும் நிலைத்தது.

மறுநாள் நாம் அவ்வீட்டுக்குச் சென்றோம். சுவிட்சுப் பலகையைத் திறந்து பார்த்தபோது, ‘எர்த்’ கம்பி எதனோடும் இணைக்கப்படாமல் உள்ளேயே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கழிப்பறையில் விறகும் வரட்டியும் அடுக்கப்பட்டிருந்தன. மேல்தளத்தில் கைப்பிடிச் சுவர் இல்லை. ஏணி மட்டும் சாத்தியிருந்தது. ‘பால் காய்ச்சிக் குடி வந்தாயிற்று. இனி வீட்டுக்கு என்ன வேலை இருக்கிறது, ஐயா?’ என்று அவ்வீட்டு மூதாட்டி நம்மைக் கேட்டார். அவர்மீது குற்றமில்லை. ‘வீடு முழுமையாக முடிவுற்றது’ என்று அவ்வீட்டுக் கோப்பில் கையொப்பம் இட்டவர் நாமே. கட்டிடம் முடிந்தது உண்மை. வீடு முடியவில்லை என்பதை அன்று உணர்ந்தோம்.

குடிபுகுந்த முதல் மாதத்தில் ஒவ்வொரு குடும்பமும் செய்ய வேண்டிய வேலைகளையும், அவற்றில் ஊராட்சி உறுப்பினரின் பங்கையும் இங்கு முறையாகக் காண்போம்.

1. மின்சாரம்

முதலில் கவனிக்க வேண்டியது இதுவே. வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். ஈரக்கையும் வெறுங்காலும் உள்ள மனிதனைக் கொல்ல இது போதும்.

மின் பாதுகாப்புக்கு மூன்று கருவிகள் உள்ளன. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. இதனைப் பலர் அறியாதிருக்கின்றனர். முதலாவது, ‘எம்.சி.பி.’ என்னும் தானியங்கித் துண்டிப்பான். பழைய வீடுகளில் உள்ள பியூஸ் கட்டையின் வேலையை இது செய்கிறது. அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடினால் அறுத்துவிடும். இது வயரைத் தீப்பிடிக்காமல் காக்குமேயன்றி, மனிதனைக் காக்காது. மனிதன் உயிர் போக வேண்டிய மின்சாரம் மிகச் சொற்பம், அதனை எம்.சி.பி. பொருட்படுத்துவதே இல்லை.

இரண்டாவது, எர்த் என்று வழங்கும் தரை இணைப்பு. கிரைண்டர், குளிர்பெட்டி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், அது மனிதன் வழியாக அன்றி இக்கம்பி வழியாகப் பூமிக்குச் செல்லும். வீட்டின் புறத்தே குழி தோண்டி, குழாய் பதித்து, கரியும் உப்பும் இட்டு, அங்கிருந்து சுவிட்சுப் பலகைக்கும், அதிலிருந்து ஒவ்வொரு மூன்று முனைப் பிளக்குக்கும் கம்பி தொடர்ந்து சென்றிருக்க வேண்டும். இடையில் ஓரிடத்தில் அறுந்தாலும் பயனில்லை. கோடையில் அக்குழியில் வாரம் ஒருமுறை ஒரு குடம் நீர் ஊற்றுவது நலம். உலர்ந்த மண் மின்சாரத்தை எளிதில் ஏற்காது.

மூன்றாவது, ‘ஆர்.சி.டி.’ என்னும் மின்கசிவுத் தடுப்பான். வீட்டுக்குள் சென்ற மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று இது இடைவிடாமல் ஒப்பிட்டுப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் அளவு வழி தவறினாலே கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். மனித உயிருக்கெனத் தனியே அமைந்த கருவி இதுவே. எர்த் சரியாக இருப்பின், கசிவு தோன்றிய உடனே, மனிதன் தொடுமுன்பே இது அறுக்கும். எர்த் இல்லையேல் மனிதன் தொட்ட பின்னரே அறுக்கும். ஆதலின் இரண்டும் வேண்டும். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குக. அதன் முகப்பில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் துண்டிக்காவிடில் கருவி பழுதுற்றதென அறிக.

இவ்விடத்து ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். மேலே நாம் கூறிய பெண்ணை இம்மூன்று கருவிகளும் காத்திரா. அவரைத் தாக்கியது மீட்டருக்கு முன்பு, தெருவிலிருந்து வரும் கம்பியின் மின்சாரம். வீட்டுக் கருவிகளின் ஆட்சி மீட்டருக்குப் பின்னரே தொடங்குகிறது. அவ்விடத்துப் பாதுகாப்பு நமது பழக்கத்தில் மட்டுமே உள்ளது. சர்வீஸ் குழாயிலும், மின்கம்பத்திலும், அதன் இழுவைக் கம்பியிலும் கொடி கட்டுதல், மாடு கட்டுதல், பந்தல் கட்டுதல் ஆகிய எவையும் கூடாது. துணி உலர்த்த நைலான் கயிறே ஏற்றது. இரும்புக் கம்பியை இன்றே அகற்றுக. வீட்டுக்கு வரும் கம்பியின் தோல் தேய்ந்திருந்தால் நாமே நாடா சுற்ற முயலாமல், மின்வாரியத்தின் ‘மின்னகம்’ 94987 94987 என்ற எண்ணில் தெரிவிக்க வேண்டும்.

வேறு இரண்டு பழக்கங்களையும் கைவிட வேண்டும். பிளக்கு இல்லாமல் வயரின் நுனியைச் சீவி, தீக்குச்சியால் துளையில் செருகி மோட்டார் ஓட்டுவது ஒன்று. பழைய குடிசையைச் சமையலுக்கென வைத்துக்கொண்டு, புது வீட்டிலிருந்து வயரைத் தொங்கவிட்டு அங்கு விளக்கு எரிப்பது மற்றொன்று. ஓலைக் கூரையும் ஒட்டுப்போட்ட வயரும் ஓரிடத்தில் இருத்தல் ஆகாது.

இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பின்னும் ஒருவருக்கு மின்சாரம் பாய்ந்தால், அவரைத் தொடலாகாது. முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துக. இயலாவிடில் உலர்ந்த பலகைமேல் நின்று, உலர்ந்த கட்டையால் வயரை விலக்குக. தெருவில் உயர் அழுத்தக் கம்பி அறுந்து விழுந்திருந்தால் கட்டையும் உதவாது. அணுகாமல் ஆட்களை விலக்கி நிறுத்துவதே கடமை. விடுவித்த பின் மூச்சில்லையேல் 108க்குத் தெரிவித்து, மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 சென்டிமீட்டர் தாழும்படி, உதவி வரும்வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

2. அடுப்பங்கரை

எரிவாயு இப்போது அநேகமாக எல்லாக் கிராமங்களுக்கும் வந்துவிட்டது. இவ்வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழுந்து போகாமல், நீர் தேங்குவதுபோலத் தரையில் தேங்கும். ஆதலால் சிலிண்டரைப் பள்ளத்திலோ, மூடிய அலமாரியிலோ வைக்கலாகாது. நிமிர்ந்த நிலையில் தரைமீது நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும். புது வீட்டில் மேடை கட்டும்வரை பொறுக்காமல், அடுப்பையும் சிலிண்டரையும் தரையில் அருகருகே வைத்துச் சமைப்பது பெருந்தவறு. அடுப்பங்கரைச் சன்னலைச் சாமான் அடுக்கி மறைப்பதும் தவறு.

புது சிலிண்டர் வந்ததும் அதன் கழுத்துப் பட்டையில் உள்ள குறியைப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். ‘ஏ’ என்றால் சனவரி முதல் மார்ச்சு, ‘பி’ என்றால் ஏப்ரல் முதல் சூன், ‘சி’ என்றால் சூலை முதல் செப்டம்பர், ‘டி’ என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். அருகில் உள்ள எண் ஆண்டைக் குறிக்கும். ‘சி 28’ என்றிருந்தால், 2028 செப்டம்பருக்குள் அச்சிலிண்டர் மறுசோதனைக்குச் செல்ல வேண்டும். நாள் கடந்த சிலிண்டரை ஏற்க மறுத்து, வேறொன்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ரப்பர்க் குழாயை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய வீட்டிலிருந்து குழாயைக் கழற்றி வந்து பொருத்துவோர், அதன் மேல் அச்சிட்ட ஆண்டைப் பார்த்துப் பொருத்துக. இணைப்பில் கசிவு உண்டா என்று சோப்பு நுரை தடவிக் காண வேண்டும். தீக்குச்சி கிழித்துக் காண்பது உயிரோடு விளையாடுவதாகும்.

வாயுவின் இயல்பான மணமின்மையைப் போக்கவே அதில் துர்நாற்றம் கலக்கப்படுகிறது. அந்நாற்றம் வந்தால் எந்த மின்சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் தீப்பொறி எழும். அடுப்பு, அகல், ஊதுவத்தி யாவற்றையும் அணைத்து, ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டருக்கு அதன் மூடியை இட்டு, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, அனைவரும் வெளியேறி, வெளியிலிருந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

3. குடிநீர்த் தொட்டி

புதுத் தொட்டியில் சிமெண்டுத் தூளும், கட்டட வேலையின் அழுக்கும் படிந்திருக்கும். ‘புதியதுதானே’ என்று எண்ணி அப்படியே நிரப்பலாகாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, நீர் நிரப்பி, 500 லிட்டருக்குச் சுமார் 75 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை வாளி நீரில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றி, ஒருநாள் வைத்திருந்து, முழுவதும் வெளியேற்றிவிட வேண்டும். அந்நீரைக் குடிக்கலாகாது, கால்நடைக்கும் காட்டலாகாது. பின்னர் நல்ல நீரால் அலசிய பிறகு உபயோகிக்கலாம். சாதாரணமாகக் குடிநீரைச் சுத்தி செய்ய 1,000 லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிராம் போதும். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் கலக்க வேண்டாம்; எழும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையில் அன்று, நாம் சேமிக்கும் நல்ல நீரிலேயே முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒருவாரம் முதல் பத்து நாட்கள் வரை ஆகும். ஆதலின் ஒவ்வொரு பாத்திரத்தையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்து உலர்த்தினால், கொசுவின் பரம்பரை அங்கு அறுகிறது. தொட்டிக்கு மூடி அவசியம். கட்டுமானத்துக்கென வாங்கிய சிமெண்டுத் தொட்டியும், பெயிண்டு டப்பாக்களும் முற்றத்தில் மழைநீர் ஏந்திக் கிடப்பதைப் பல புது வீடுகளில் காண்கிறோம். அவற்றை முதல் வாரத்திலேயே அகற்ற வேண்டும்.

வீட்டுக் குழாயில் நீர் குறைவாக வருகிறதென்று நிலத்தைத் தோண்டிப் பள்ளத்தில் குழாயைத் திறப்போர் உண்டு. மழைக்காலத்தில் பள்ளத்துச் சேற்றுநீர் அக்குழாய்க்குள் உறிஞ்சப்பட்டுத் தெரு முழுவதற்கும் செல்லும். ஒரு வீட்டின் சௌகரியம் ஒரு தெருவின் வயிற்றுப்போக்காகிவிடுகிறது. இதனைத் தடுப்பது ஊராட்சியின் கடமை.

4. கழிப்பறை

கழிப்பறை கட்டியிருந்தும் உபயோகிக்காமைக்கு ஒரு காரணம், ‘குழி விரைவில் நிரம்பிவிடும்’ என்னும் அச்சம். இவ்வச்சத்தைப் போக்கவே இரட்டைக் குழி முறை அமைந்தது.

இரண்டு குழிகள் இருந்தாலும் ஒரு சமயத்தில் ஒன்றையே உபயோகிக்க வேண்டும். குடிபுகுந்தவுடன், குழிகளுக்குச் செல்லும் வழி பிரியும் சிறு தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்கவும். ஒரு வழி செங்கலால் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் திறந்திருந்தால் இரண்டும் ஒரே காலத்தில் நிரம்பி, முறையின் பயனே கெடும். முதற்குழி நிரம்பியதும் அதனை அடைத்து, மற்றதைத் திறக்க வேண்டும். அடைத்த குழியைச் சுமார் இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்டால், அதிலுள்ளது நாற்றமற்ற உலர்ந்த உரமாகும். அதனை வயலில் இடலாம். தோண்டி எடுக்க அஞ்ச வேண்டியதில்லை.

இக்குழிகளின் சுவரில் துளைகளும், அடியில் வெறும் மண்ணும் இருப்பதே முறை. மேஸ்திரியிடம் கூறி அடியைச் சிமெண்டால் பூசிவிட்டால் நீர் இறங்காமல் சில மாதங்களில் குழி நிரம்பிவிடும். குளியல் நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் இக்குழியில் விடலாகாது. அதற்குத் தனி உறிஞ்சுகுழி வேண்டும். குடிநீர்க் கிணறு குறைந்தது 10 மீட்டராவது விலகியிருக்க வேண்டும். நிலத்தடி நீர் மேலாக உள்ள ஊர்களில் இன்னும் விலகியிருப்பதே நலம்.

மலத்தொட்டி கட்டியவர்கள், அதன் காற்றுக் குழாயின் வாயில் கொசுவலை கட்டுக. தொட்டியின் கழிவுநீரைத் தெருச் சாக்கடையில் விடாமல் உறிஞ்சுகுழியில் விடுக. எக்காரணம் பற்றியும் எவரையும் தொட்டிக்குள் இறக்காதீர். உள்ளே தேங்கும் நச்சு வாயு ஒரு மூச்சில் மயக்கிவிடும். காப்பாற்ற இறங்கியவரும் உடன் மாள்வர். மனிதரைக் கொண்டு மலக்குழி சுத்தம் செய்வித்தல் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும்.

5. மேல்தளமும் குழிகளும்

குடிசையில் வாழ்ந்தவர்க்கு மேல்தளம் ஒரு புதிய நிலம். மிளகாய் உலர்த்தவும், கோடையில் உறங்கவும் அது ஏற்ற இடம். ஆனால் சுமார் 3 அடி உயரக் கைப்பிடிச் சுவர் எழும்வரை, எவரும் அங்கு இரவில் உறங்கலாகாது. தூக்கக் கலக்கத்தில் எழுந்து நடப்பவருக்கு விளிம்பு தெரியாது. ஏணியை உபயோகித்த பின் படுக்கவைத்துவிட்டால் குழந்தைகள் ஏறமாட்டார்கள். தளத்தின் நீர்ப்போக்கிகளை வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசி மாதத்திலேயே சுத்தம் செய்க.

கட்டட வேலைக்கெனத் தோண்டிய சுண்ணாம்புக் குழி, தண்ணீர்க் குழி, மண் எடுத்த பள்ளம் ஆகியவற்றை முதல் வாரத்தில் மூட வேண்டும். நீர் கிடைக்காத ஆழ்துளைக் கிணற்றைச் சாக்கால் மூடி வைப்பது மூடியதாகாது. 2019 அக்டோபரில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அத்தகைய கிணறு ஒன்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை, பல நாட்கள் போராடியும் உயிருடன் மீட்க இயலவில்லை. அடியிலிருந்து மேல்வரை மண் நிரப்புவதே வழி. உபயோகிக்கக்கூடிய கிணறாயின் இரும்பு மூடியைத் திருகி மூடுக.

புதுச் சுவரில் மெல்லிய பூச்சு வெடிப்புகள் தோன்றுவது இயல்பு. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பாயின், அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு நாளையும் குறித்து வைக்க வேண்டும். கோட்டைத் தாண்டி வளர்ந்தால், ஒன்றியப் பொறியாளருக்குத் தெரிவிக்க வேண்டும். பூசி மறைப்பதால் வெடிப்பு நிற்காது.

6. பாம்பு

புதுத் தெருக்கள் பெரும்பாலும் வயல் ஓரத்திலும் தரிசு நிலத்திலும் அமைகின்றன. நாம் அங்குச் செல்வதற்கு முன் பாம்புகள் அங்குக் குடியிருந்தன என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். எஞ்சிய செங்கல், பலகை, கூரையிலிருந்து இறக்கிய ஓலை இவற்றைச் சுவரோரம் குவித்தால் எலி சேரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். குவியலைச் சுவரிலிருந்து விலக்கி வைக்கவும்; எடுக்கும்போது முதலில் கழியால் தட்டி, பின்னர் கையை வைக்கவும்.

நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் ஆகிய நான்குமே நம் நாட்டில் மிகுந்த உயிர்ச்சேதம் விளைவிப்பவை. இவற்றுள் கட்டுவிரியன் இரவில் வீட்டினுள் வந்து, தரையில் உறங்குபவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதும் இராது. ஆதலின் விடியும்வரை பலர் உணர்வதில்லை. கட்டிலில் உறங்குவதும், தரையில் உறங்க நேர்ந்தால் கொசுவலையின் ஓரங்களைப் பாயின் அடியில் செருகிக்கொள்வதும் நல்ல காப்பு. கதவின் அடி இடைவெளியைப் பலகைச் சட்டத்தால் அடைக்க வேண்டும். நீர் வெளியேறும் துளைக்குக் கம்பி வலை இட வேண்டும்.

கடிபட்டால் இறுகக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல், மந்திரித்தல் யாவும் காலத்தைக் கொல்வன. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108 வண்டியில் அரசாங்க மருத்துவமனைக்குச் செல்க. மேற்கூறிய நான்கு பாம்புகளுக்கும் ஒரே மாற்று மருந்து உண்டு. பாம்பைப் பிடித்துக் காட்ட வேண்டிய அவசியமில்லை.

7. பூட்டும் பத்திரமும்

கட்டுமானக் காலத்தில் சாவி பலர் கைக்கு மாறியிருக்கும். எவரையும் ஐயுற வேண்டியதில்லை. குடிபுகும் நாளில் பூட்டை மாற்றிவிட்டால் ஐயத்துக்கே இடமில்லை. வீட்டின் உள்ளிருந்து பூட்டி, சாவியை ஒளித்துவைக்கும் வழக்கம் கூடாது. தீ நேர்ந்த வேளையில் தேட நேரமிராது. கதவருகே ஆணியில் மாட்டுக.

வீட்டுமனைப் பட்டா, வேலை உத்தரவு, மின் இணைப்பு அட்டை, வீட்டு வரி ரசீது, எரிவாயுப் புத்தகம் ஆகியவற்றை ஒரு தகரப் பெட்டியில் இட்டு, வெள்ளம் எட்டாத உயரத்தில் வைத்து, நகல்களை வேறிடத்தில் வைக்க வேண்டும். வேறு தெருவிலிருந்து வந்தவர்கள் குடும்ப அட்டையில் முகவரியை மாற்றிக்கொள்ளவும், வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8ஐக் கொடுக்கவும் மறவாதீர். வீட்டு வரி செலுத்துவதைச் சிலர் சுமையாக எண்ணுகின்றனர். வரிப் பதிவேட்டில் ஏறிய வீடே, தெருவிளக்கும் சாக்கடையும் கேட்கும் தகுதியை உறுதியாகப் பெறுகிறது.

அடுப்பங்கரைக் கதவருகே, சுவரில் பெயிண்டால் பெரிதாக எழுத வேண்டிய எண்கள் நான்கு: ஆம்புலன்சுக்கு 108, காவலுக்கும் தீயணைப்புக்கும் 112, வாயுக் கசிவுக்கு 1906, மின்சாரத்துக்கு 94987 94987. கைப்பேசியில் பதிந்தால் போதாதோ எனலாம். ஆபத்து வேளையில் கைப்பேசி வைத்திருப்பவர் வீட்டில் இல்லாமற் போகலாம். சுவர் எங்கும் போகாது.

உறுப்பினர் செய்ய வேண்டுவது

மேற்கூறிய வேலைகளுள் பெரும்பாலானவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. ஆர்.சி.டி.யும் எர்த்தும் கைப்பிடிச் சுவருமே செலவுள்ளவை. குடிபுகு விழாவின் பந்தலையும் ஒலிபெருக்கியையும் சற்றுக் குறைத்துக்கொண்டால் முதலிரண்டும் கைகூடும் என்று குடும்பத்தினரிடம் முன்கூட்டியே எடுத்துரைக்க வேண்டும். விழாவுக்குப் பின் சொன்னால் கையில் மிச்சமிராது. மொய் எழுதும் உறவினர் சிலர் சேர்ந்து, பித்தளைக் குடத்துக்குப் பதிலாக ஓர் ஆர்.சி.டி. வாங்கித் தந்தால், அதனினும் மங்கலமான பொருள் வேறில்லை.

மூன்று முறை சென்று பார்ப்பதை உறுப்பினர் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். குடிபுகும் நாளில் கொடிக்கம்பி, சிலிண்டர், பூட்டு. முதல் வாரத்தில் குழிகள், தொட்டி, குப்பைக் குவியல். முதல் மாத இறுதியில் எர்த், ஆர்.சி.டி., கழிப்பறைக் குழி, ஆவணங்கள். எர்த் இணைப்பைத் தாமே திறந்து பார்க்காமல், உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை உடனழைத்துச் சென்று தெருவில் உள்ள வீடுகளை ஒரே நாளில் சோதிக்கச் செய்யலாம். பார்வை என்பது குற்றம் கண்டு எழுதுவதாகத் தோன்றலாகாது. மாமனோ அண்ணனோ வந்து பார்ப்பதுபோல அமைய வேண்டும். வீட்டுப் பெண்களிடம் பேசுவது இன்றியமையாதது. கொடியும் அடுப்பும் தண்ணீரும் அவர்கள் கையில் உள்ளன. விபத்தும் முதலில் அவர்களையே தேடி வருகிறது.

சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூட வேண்டுமென 2022 முதல் வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு சபையிலும், முந்திய சபைக்குப் பின் குடிபுகுந்த வீடுகளின் பட்டியலைப் படித்து, எவ்வீட்டில் எது எஞ்சியுள்ளது என்று கேட்கலாம். ஊரார் முன் கேட்ட கேள்வி வீண்போவதில்லை.

நாம் கையொப்பமிட்ட அந்த வீட்டுக்குப் பின்னர் ஒருமுறை சென்றோம். முற்றத்தில் நைலான் கயிற்றில் துணிகள் உலர்ந்துகொண்டிருந்தன. சுவிட்சுப் பலகையில் ஆர்.சி.டி. பொருத்தியிருந்தது. மருமகள் தழும்பேறிய கையால் அதன் பொத்தானை அழுத்திக் காட்டினார், விளக்கு அணைந்தது. ‘மாதம் ஒன்றாம் தேதி அழுத்துகிறேன், ஐயா’ என்றார். கடைசித் தவணை வழங்கிய நாளில் நாம் எழுதிய சொல் அன்றுதான் உண்மையாயிற்று.

உங்கள் ஊரில் இம்மாதம் குடிபுகும் குடும்பம் எது என்பதை இன்றே விசாரித்து அறிந்துகொள்ளுங்கள். பால் காய்ச்சும் நாளில் அங்குச் செல்லுங்கள்; முற்றத்துக் கொடி எதில் கட்டப்பட்டிருக்கிறது என்பதை முதலிற் பாருங்கள்.